கண்புரை முத்தட்டும் என்று காத்திருக்கலாமா? எந்த ஒப்பரேஷன் பாதுகாப்பானது?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. தம்பலகாமத்தில் என்னோடு இருக்கிறார். பல வருடமாக நீரிழிவுக்குக் குளிசை போடுகிறார். வலக்கண்ணின் கண்மணி வெள்ளையாகவே தெரிகிறது. அந்தக் கண்ணுக்கு முன்னால் கையை அசைத்தால் அசைவது மட்டும்தான் தெரியும் என்கிறார். இடக்கண்ணிலும் புரை தொடங்கிவிட்டது. திருகோணமலை கண் கிளினிக்கில் பார்த்த டொக்டர், வலக்கண்ணுக்கு மெஷின் இல்லாமல் கையால் செய்கிற சின்ன வெட்டு முறை நல்லது என்றார். கனடாவில் இருக்கும் அண்ணா, “அது பழைய முறை, காசு அனுப்புகிறேன், கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய் லேசரில் செய்யுங்கள்” என்கிறார். மாமியோ மற்றக் கண்ணும் முத்தட்டும், இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம் என்கிறார். அதுவரைக்கும் என்று அம்மா நந்தியாவட்டைப் பூச்சாறு விட்டு வருகிறார். ஊசி என்றால் அவருக்குப் பயம். 2023இல் ஒப்பரேஷனுக்குப் பிறகு போட்ட சொட்டு மருந்தால் சிலருடைய கண் பாதித்த செய்தியைக் கேட்டதிலிருந்து பயம் இன்னும் கூடிவிட்டது. எந்த முறை உண்மையில் பாதுகாப்பானது?
– ஓர் ஆசிரியை, தம்பலகாமம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் காரணங்களுக்கு வருவோம். உங்கள் அம்மாவின் வலக்கண்ணுக்கு அந்த டொக்டர் சொன்னது நல்ல முறை. மெஷின் இல்லாத ஊரில் வேறு வழியில்லாமல் செய்கிற முறை அல்ல அது. அம்மாவின் கண்ணை நான் பார்க்கவில்லை, ஆகவே பரிசோதித்தவருடைய முடிவுதான் முடிவு. ஆனாலும் நீங்கள் எழுதிய விபரங்களை வைத்துப் பார்த்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன். காத்திருக்க வேண்டாம். நந்தியாவட்டைச் சாற்றை இன்றோடு நிறுத்திவிடுங்கள். புரையைக் கரைக்கிற சாறோ சொட்டு மருந்தோ உலகத்தில் எங்கும் இல்லை. பூச்சாற்றோடு கண்ணுக்குள் போகிற பூஞ்சணமும் கிருமியும் கண்ணின் முன்பக்கத்துத் தெளிந்த படலமான கருவிழியில் புண்ணை உண்டாக்கினால், ஒப்பரேஷன் செய்து எடுத்துவிடக்கூடிய ஒரு குறையோடு ஆறாத தழும்பும் சேர்ந்துவிடும்.

இனி, ஒப்பரேஷனில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். அது விளங்கினால் அண்ணாவுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

கண்ணுக்குள் இருக்கிற வில்லையை ஒரு மாம்பழமாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே தோல், உள்ளே சதை, நடுவில் கொட்டை. மொத்தமே ஒன்பது பத்து மில்லிமீட்டர் அகலம், நான்கு ஐந்து மில்லிமீட்டர் தடிப்பு. தோல் என்று நான் சொல்வது வில்லையைச் சுற்றியிருக்கும் உறை. பின்பக்கத்தில் அந்த உறையின் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 250இல் ஒரு பங்குதான். வயது போகப் போகக் கொட்டை இறுகி மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். சதை வெளுத்துப் பாலாகும். அம்மாவின் கண்மணியில் நீங்கள் காண்கிற வெள்ளை அந்தச் சதைதான்.

எந்தப் பெயரில் செய்தாலும் இன்றைய கண்புரை ஒப்பரேஷன் ஒன்றேதான். முன்தோலில் ஒரு வட்டமான வாசலைத் திறக்க வேண்டும், கொட்டையை எடுக்க வேண்டும், மிச்சச் சதையை உறிஞ்சித் துடைக்க வேண்டும், பின்தோலைக் கிழியாமல் விட்டு அதற்குள் ஒரு செயற்கை வில்லையை வைக்க வேண்டும். கொட்டையை எப்படி வெளியே எடுக்கிறோம் என்பதில்தான் முறைகள் பிரிகின்றன.

மெஷின் முறை என்று சனங்கள் சொல்வது ஃபேகோ. 1967இல் நியூயோர்க்கில் சார்ல்ஸ் கெல்மன் என்ற கண் மருத்துவர் தொடங்கிவைத்தது. பல் மருத்துவர்கள் பற்காறையை எடுக்கப் பாவிக்கும் கேளா ஒலிக் கருவியைப் பார்த்துத்தான் அந்த யோசனை அவருக்கு வந்தது. செக்கனுக்கு ஏறத்தாழ 40,000 தடவை அதிர்கிற ஓர் உள்ளீடற்ற ஊசி கண்ணுக்குள்ளேயே கொட்டையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிடும். வெட்டு இரண்டே கால் மில்லிமீட்டரிலிருந்து இரண்டே முக்கால் வரைதான். மடித்துச் செலுத்துகிற வில்லை அந்த வழியாலேயே உள்ளே போய் விரிந்துகொள்ளும். காயம் கெதியாக ஆறும், பார்வை கெதியாகத் தெளியும். நல்ல முறை, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அம்மாவின் இடக்கண்ணுக்கு அதுவே பொருத்தமாக இருக்கலாம்.

கையால் செய்கிற முறையில் வெட்டு ஆறு, ஏழு மில்லிமீட்டர். ஆனால் அது நேர்வெட்டு அல்ல. வெள்ளைவிழியின் தடிப்புக்குள்ளேயே சரிவாக ஒரு சுரங்கம் எடுத்து, கருவிழிக்குள் கொண்டுபோய்த் திறப்பது. உள்வாய் அகலம், வெளிவாய் ஒடுக்கம். அந்தச் சுரங்கத்தை எங்கே தொடங்குவது, எவ்வளவு ஆழத்தில் கொண்டுபோவது என்பதில்தான் இந்த ஒப்பரேஷனின் பாதி இருக்கிறது. மேலோட்டமாக எடுத்தால் கூரை கிழியும், ஆழமாக எடுத்தால் கண்ணின் உட்படலத்தில் போய் நிற்கும். சரியாக எடுத்துவிட்டால், கொட்டை முழுசாக வழுக்கிக்கொண்டு வெளியே வந்ததும், கண்ணின் உள்ளழுத்தமே உள்வாயைத் தள்ளி மூடிவிடும். அனேகமாகத் தையலே தேவைப்படாது. உங்கள் மாமி காலத்தில் பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் வெட்டிச் சுற்றிவரத் தைத்தார்களே, அந்த ஒப்பரேஷன் இல்லை இது. அண்ணா “பழைய முறை” என்று மனதில் வைத்திருப்பது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

சரி, அம்மாவுக்கு ஏன் இரண்டாவது முறை? கொட்டை எவ்வளவு இறுகியிருக்கிறதோ, அவ்வளவுக்கு அதை உடைக்கக் கூடுதலான கேளா ஒலிச் சக்தி கண்ணுக்குள் செலவாகும். அந்தச் சக்தியும், அதனால் வருகிற சூடும், கொட்டைத் துண்டுகள் சுழன்று மோதுவதும் கருவிழியின் உட்பக்கத்தைத் தாக்கும். அங்கே ஒரேயொரு படை உயிரணுக்கள் வரிசையாக இருந்து, கருவிழிக்குள் நீர் தேங்காமல் இரவும் பகலும் இறைத்துக்கொண்டிருக்கின்றன. அவை செத்தால் புதிதாக முளைப்பதில்லை. வயதோடு குறைந்துகொண்டே வரும், நீரிழிவு இருந்தால் கொஞ்சம் பலவீனமாகவும் இருக்கும். அளவுக்கு மிஞ்சிப் போய்விட்டால் கருவிழி ஊதி மங்கிவிடும், பிறகு யாரோ ஒருவர் தானம் செய்த கருவிழிக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். முற்றி இறுகிய கொட்டையை உடைக்காமல் முழுசாக வெளியே எடுத்துவிட்டால் இந்தச் சேதத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

மிகத் தேர்ந்த ஃபேகோ நிபுணர் ஒருவர் இதே கண்ணை மெஷினிலும் நன்றாகச் செய்துவிடுவார் என்பதும் உண்மை. நேபாளத்தில் கண் மருத்துவர் சந்துக் ரூயிட்டின் குழுவினர் இந்த இரண்டு முறைகளையும் முற்றிய புரை உள்ளவர்களிடம் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இரண்டு பக்கத்திலும் பார்வை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. கையால் செய்தது நேரமும் செலவும் குறைந்ததாக இருந்தது, ஒப்பரேஷனுக்கு மறுநாள் கருவிழி வீக்கமும் குறைவாக இருந்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் இந்த முறையில் லட்சக்கணக்கான கண்களுக்குப் பார்வை கொடுத்திருக்கிறார்கள். இதில் உள்ள குறையையும் சொல்ல வேண்டும்: வெட்டுப் பெரிது என்பதால் கருவிழியின் வளைவு சற்று மாறும். தூரத்துக்கு ஒரு சின்னக் கண்ணாடி தேவைப்படலாம். அவ்வளவுதான்.

அண்ணா சொல்கிற லேசர் என்ன? நம் ஊரில் ஃபேகோவையே பலர் “லேசர் ஒப்பரேஷன்” என்கிறார்கள். அதில் லேசர் இல்லை. உண்மையான லேசர் முறை ஒன்று இருக்கத்தான் செய்கிறது, வெளிநாட்டில் அண்ணா கேள்விப்பட்டது அதுவாக இருக்கலாம். அதில் லேசர் செய்வது வெட்டுகளை வெட்டுவதும் கொட்டையில் பிளவு போடுவதும் மட்டும். மிச்ச வேலை எல்லாம் பழையபடி ஃபேகோ ஊசிதான். பிரான்சிலும் பிரித்தானியாவிலும் பெரிய அளவில் செய்த ஆய்வுகள் 2020இல் வெளியாகின. கூடுதல் செலவுக்கேற்ற கூடுதல் நன்மை எதையும் அவை காட்டவில்லை. அம்மாவுடையதுபோல் பால்வெள்ளையாக வெளுத்த புரைக்குள் அந்த லேசர் ஒழுங்காகப் போகவும் மாட்டாது. அண்ணாவின் காசு வீண்போக வேண்டாம். அம்மாவின் கிளினிக் பயணங்களுக்கும், ஒப்பரேஷன் முடிந்து ஆறும்வரை வீட்டு வேலைக்கு ஓர் ஆளை வைக்கவும் அதை அனுப்பச் சொல்லுங்கள்.

கொழும்புக்குப் போவதைப் பற்றி இன்னொன்று. தம்பலகாமத்திலிருந்து அது பஸ்ஸில் ஆறு ஏழு மணித்தியாலப் பயணம். ஒப்பரேஷன் ஒரு நாள் வேலைதான், ஆனால் மறுநாள் பார்க்க வேண்டும், ஒரு கிழமையில் பார்க்க வேண்டும், ஒரு மாதத்தில் பார்க்க வேண்டும். இடையில் கண் சிவந்து வலித்தால் அந்த மணித்தியாலத்திலேயே பார்க்க வேண்டும். செய்தவர் முக்கால் மணித்தியாலத் தூரத்தில் இருப்பதும் பாதுகாப்புத்தான். எல்லோரும் மெஷினைப் பற்றித்தான் கேட்கிறார்கள், இதை யாரும் கேட்பதில்லை.

நீங்கள் கேட்ட “பாதுகாப்பு” உண்மையில் எங்கே இருக்கிறது என்றால், வெளியே பேசப்படாத சின்னச் சின்னப் படிகளில் இருக்கிறது. அவற்றில் மிக முக்கியமானது முன்தோலைத் திறப்பது. வெள்ளைப் புரையில் நுணுக்குக்காட்டியால் பார்த்தாலும் எல்லாமே வெள்ளை. தோல் எங்கே முடிகிறது, சதை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. ஆகவே ட்ரிபான் புளூ என்ற நீலச் சாயத்தில் ஒரு துளியை விட்டுக் கழுவிவிடுவோம். தோல் மட்டும் நீலமாகும். அப்புறம் கருவிழிக்கும் வில்லைக்கும் நடுவே தெளிந்த தடித்த ஜெலியை நிரப்புவோம். அது கருவிழியின் அந்த உயிரணுக்களைக் காக்கும், வில்லையையும் அழுத்தி வைத்திருக்கும். வெளுத்த வில்லைக்குள் திரவம் தேங்கி அழுத்தம் ஏறியிருக்கும். அந்த நிலையில் அவசரப்பட்டுத் தோலைக் குத்தினால் கிழிசல் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடிவிடும். நீலத்துக்கு நடுவே வெள்ளைப் பட்டை தெரிவதால் ஆர்ஜென்டினாக் கொடி என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். கேட்க அழகான பெயர், தியேட்டரில் யாரும் காண விரும்பாதது. அதனால் முதலில் ஒரு மெல்லிய ஊசியால் பாலை உறிஞ்சி அழுத்தத்தை இறக்கிவிட்டு, பிறகு நுனிச் சாமணத்தால் தோலின் ஓரத்தைப் பிடித்து, மடித்து, வட்டமாகக் கிழித்துக்கொண்டு வருவோம். ஒரே இழுப்பில் அல்ல. கொஞ்சம் கிழித்து, விட்டு, புது ஓரத்தைப் பிடித்து, மறுபடி கொஞ்சம். தொடங்கிய இடத்தில் வந்து சேரும்போது ஆறு மில்லிமீட்டர் அளவில் விளிம்பு பிசிறில்லாத ஒரு வட்டம் கிடைக்க வேண்டும். விளிம்பு ஒழுங்காக இருந்தால் அதற்குப் பிறகு எவ்வளவு இழுபட்டாலும் தோல் தாங்கும். பிசிறு இருந்தால் கிழிசல் அந்த இடத்திலிருந்துதான் ஓடும்.

வட்டம் கிடைத்ததும், தோலுக்கும் சதைக்கும் நடுவே கொஞ்சம் திரவத்தைப் பாய்ச்சிக் கொட்டையைக் கழற்றிச் சுழற்றி, ஜெலி நிரப்பிய அந்த முன்னறைக்குக் கொண்டுவருவோம். பிறகு திரவம் பாய்கிற ஒரு வளைந்த சிறு கரண்டியை அதற்கு அடியில் செலுத்தி, வெளியே வழிநடத்துவோம். இழுப்பதை விட, உள்ளே பாயும் திரவத்தின் அழுத்தமே அதைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். சுரங்கத்தின் வாயில் பழுப்பு நிறத்தில் அது எட்டிப்பார்க்கும் அந்த ஒன்றிரண்டு செக்கன் கை அமைதியாக இருக்க வேண்டும். மேலே உரசினால் கருவிழி, கீழே அழுத்தினால் பின்தோல். கொட்டை வந்துவிட்டால் மிச்சச் சதையை உறிஞ்சித் துடைப்பது பொறுமையான வேலை, அதை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. ஜெலியைக் கழுவி எடுக்காமல் விட்டால் அன்று இரவே கண் அழுத்தம் ஏறித் தலையிடி வரும், ஆகவே அதையும் முழுசாக எடுக்க வேண்டும்.

உள்ளே வைக்கிற வில்லைக்கும் ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணுக்குள் தெறித்த விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணை அவ்வளவாக உறுத்தாமல் அப்படியே கிடந்ததை லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற கண் மருத்துவர் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் வில்லை செய்து 1949 நவம்பர் 29ஆம் திகதி முதன்முதலாக ஒரு கண்ணுக்குள் வைத்தார். அந்தக் காலத்தில் அவரைப் பலர் கடுமையாக எதிர்த்தார்கள். அவர் மட்டும் விட்டுக்கொடுத்திருந்தால் புரை எடுத்தவர்கள் எல்லோரும் இன்றைக்கும் தடித்த கண்ணாடியோடுதான் நடமாட வேண்டும்.

ஆபத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். தேர்ந்த கைகளிலும் நூற்றில் ஒன்று இரண்டு பேருக்குப் பின்தோல் கிழியும். கிழிந்தால் கண்ணின் பின்பகுதியை நிரப்பியிருக்கிற ஜெலி முன்னால் வரும். அந்த ஜெலி விழித்திரையோடு ஒட்டியிருக்கிறது, அதனால் அதை இழுக்கவே கூடாது. அதற்கென்றுள்ள வெட்டும் கருவியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்து, முன்தோலின் மேல் வில்லையை வைப்பார்கள். அப்படி நடந்தவர்களிலும் பெரும்பாலானோருக்கு நல்ல பார்வை கிடைக்கிறது. ஒரு சத்திரசிகிச்சை நிபுணரை நான் எடைபோடுவது கிழியாமல் செய்தாரா என்பதில் மட்டும் அல்ல, கிழிந்ததும் உடனே கையை நிறுத்தி முறையாகக் கையாண்டாரா என்பதிலும்தான். கிளினிக்கில் “கிழிந்தால் என்ன செய்வீர்கள்?” என்று தாராளமாகக் கேளுங்கள். நல்ல டொக்டர் கோபிக்க மாட்டார்.

இப்போது அந்த 2023 செய்தி. கிருமித்தொற்றுப் பயம் நியாயமான பயம். கண்ணுக்குள் கிருமி போவது அரிது, ஆனால் போனால் சில நாட்களிலேயே பார்வையைக் கொண்டுபோய்விடும். அதைத் தடுக்க நிச்சயமாகப் பலன் தருகிற இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, ஒப்பரேஷனுக்குச் சற்று முன் கண்ணின் மேற்பரப்பிலும் இமையிலும் போவிடோன் அயடீன் என்ற கிருமிநாசினியை விட்டுச் சில நிமிடம் வைத்திருப்பது. கொஞ்சம் எரியும், அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மற்றது, முடிவில் கண்ணுக்குள்ளேயே ஒரு துளி அன்டிபயோட்டிக் செலுத்துவது. அப்படிச் செலுத்தினால் தொற்று ஏறத்தாழ ஐந்தில் ஒன்றாகக் குறையும் என்று ஐரோப்பியக் கண் சத்திரசிகிச்சை நிபுணர்கள் 2007இல் வெளியிட்ட பெரிய ஆய்வு காட்டியது.

உங்கள் வீட்டில் செய்யக்கூடியது சொட்டு மருந்தைப் பற்றியது. முத்திரை உடையாத போத்தலா என்று பார்த்து வாங்குங்கள், திறந்த திகதியைப் பேனாவால் அதன் மேல் எழுதுங்கள், நாலு கிழமைக்கு மேல் பாவிக்காதீர்கள். பக்கத்து வீட்டில் மிஞ்சியது, போன வருடம் மிஞ்சியது எதுவும் வேண்டாம். விடுகிறவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், போத்தலின் நுனி இமையில் படக்கூடாது. பயத்தில் மருந்தையே விடாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

ஊசிப் பயத்துக்கு வருகிறேன். கண்ணுக்குள் ஊசி போடுவதில்லை. கீழிமைக்கு ஓரமாகக் கண்ணைச் சுற்றி விறைப்பு மருந்து ஏற்றுவார்கள், அல்லது முனை மழுங்கிய மெல்லிய குழாயால் வெள்ளைவிழியின் மேற்படலத்துக்கு அடியில் செலுத்துவார்கள். சில செக்கன் அழுத்துகிற மாதிரி இருக்கும், பிறகு ஒன்றும் தெரியாது. மயக்கமெல்லாம் இல்லை, முழித்திருந்தபடிதான். முகத்தை ஒரு பச்சைத் துணி மூடியிருக்கும். அது பலருக்கு மூச்சுமுட்டுவது போல இருக்கும், காற்று வர வழி வைத்திருப்பார்கள் என்று சொல்லுங்கள். இருமலோ தும்மலோ வந்தால் முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் இரும வேண்டும். இதை வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். இருபது நிமிடம் மல்லாந்து படுக்க அம்மாவால் முடியுமா என்று இன்று இரவே ஒருக்கால் பாருங்கள். முதுகு வலிக்கிறது, இழுப்பு வருகிறது என்றால் டொக்டரிடம் சொன்னால் அதற்கும் வழி செய்வார்.

ஒப்பரேஷனுக்கு முன் செய்கிற பரிசோதனைகளில் கஞ்சத்தனம் வேண்டாம். அம்மாவின் வலக்கண் முழுசாக மறைந்திருப்பதால் விழித்திரையை நேரே பார்க்க முடியாது. ஒரு கண்ணைப் பொத்திவிட்டு, மேலே, கீழே, இடம், வலம் என்று நாலு பக்கத்திலிருந்தும் டோர்ச் அடித்து “வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்பார்கள். பார்க்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் நாலு பக்கமும் சரியாகச் சொன்னால் புரைக்குப் பின்னால் விழித்திரையும் பார்வை நரம்பும் வேலை செய்கின்றன என்பதற்கு அது நல்ல அடையாளம். அதோடு அல்ட்ராசவுண்ட் ஸ்கானும் செய்வார்கள். வில்லையின் வலுவைக் கணிக்கக் கண்ணின் நீளத்தை அளப்பார்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தால் கண்ணாடியின் பவர் இரண்டரை, மூன்று வரை பிழைத்துவிடும், ஆகவே இரண்டு மூன்று தரம் அளந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள்.

நீரிழிவைப் பொறுத்தவரை, சீனி அளவு உச்சத்தில் இருந்தால் ஒப்பரேஷனைத் தள்ளிவைப்பார்கள். அதற்காகக் கடைசி நேரத்தில் பட்டினி கிடந்து இறக்க வேண்டாம், இரண்டு மாதமாகவே ஒழுங்காக வைத்திருப்பதுதான் பயன் தரும். நீரிழிவு விழித்திரையைத் தொட்டிருந்தால், புரையை எடுத்த பிறகும் பார்வை முழுசாக வராமல் போகலாம். அதை ஒப்பரேஷனின் பிழையாக நினைத்துவிடாதீர்கள். முதலிலேயே டொக்டரிடம் “எவ்வளவு பார்வை எதிர்பார்க்கலாம்?” என்று கேட்டு வையுங்கள். இரத்தம் உறையாமல் போடுகிற குளிசை ஏதும் இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம், பெயரை எழுதிக்கொண்டு போங்கள்.

இந்த இடத்தில் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் அப்பா சலம் கழிக்கக் கஷ்டப்பட்டு டம்சுலோசின் என்ற குளிசை எடுப்பவராக இருந்தால் கண் டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அது கண்மணியைச் சுற்றியிருக்கும் நிறமுள்ள வளையமான கதிராளியைத் தளர்த்திவிடும். ஒப்பரேஷன் நடுவே கதிராளி அலையடித்துக் கண்மணி சுருங்கும். எப்போதோ எடுத்து நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள். முன்பே தெரிந்தால் சமாளிக்க எல்லா வழியும் இருக்கிறது.

மாமியின் யோசனைக்கு என் பதில் கொஞ்சம் கடுமையாகவே இருக்கும், அவர் என்னை மன்னிக்க வேண்டும். புரை முத்தட்டும் என்று காத்திருந்தது, வில்லையை உறையோடு முழுசாக இழுத்தெடுத்த காலத்துப் பழக்கம். இன்றைக்கு முற்ற முற்ற ஆபத்துத்தான் கூடும். வெளுத்த வில்லை ஊதிக் கண்ணின் நீர் வடிகிற வழியை அடைக்கலாம். அல்லது பாலாகிப்போன சதை உறையால் கசிந்து அந்த வழியை அடைக்கலாம். எது நடந்தாலும் கண் அழுத்தம் ஏறி, தாங்க முடியாத வலியும் வாந்தியும் வரும், சில நாட்களில் நரம்பு கெட்டுவிடும். நரம்பு கெட்ட கண்ணுக்கு ஃபேகோவும் இல்லை, கைமுறையும் இல்லை. நல்லநாள் பார்த்து, அறுவடை முடிந்து என்று தள்ளிப்போட்டு, ஒரு இரவில் தலையைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நாங்கள் கிளினிக்கில் காண்கிறோம். அம்மாவுக்கு வலக்கண் திடீரென்று சிவந்து வலித்தால் திகதி வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே கொண்டுபோங்கள்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு அன்றே வீடு திரும்பலாம். நம் ஊரின் கச்சான் காற்றும் தம்பலகாமத்து வயல் தூசியும்தான் எனக்குக் கவலை. வெளியே போகும்போது கறுப்புக் கண்ணாடி, இரவில் கண்மூடி. சூடடிக்கிற பக்கம் ஒரு மாதம் போகவேண்டாம். விறகடுப்புப் புகையும் வேண்டாம். தலைக்குத் தண்ணீர் வார்ப்பதை டொக்டர் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள், முகத்தை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். குளம், கடல், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் எல்லாம் ஆறு கிழமை கழித்து. கோயிலுக்குப் போகலாம், ஆனால் கண்ணில் திருநீறு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சொட்டு மருந்து ஒரு மாதத்துக்கு மேலும் தொடரலாம், கண் தெளிந்துவிட்டது என்று இடையில் நிறுத்தக் கூடாது. முதல் கிழமையில் வலி கூடினால், சிவப்புக் கூடினால், தெளிந்த பார்வை மறுபடி மங்கினால், சாமம் என்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மின்னல் அடிப்பதுபோல் தெரிவது, ஒரு பக்கம் திரை விழுவதுபோல் இருப்பது எப்போது வந்தாலும் அவசரம்தான். மாதங்களோ வருடங்களோ கழித்து மெல்ல மெல்ல மங்கினால் பயப்பட வேண்டாம். உள்ளே விட்டுவைத்த பின்தோல் மங்கியிருக்கும், அதற்கு ஒரு லேசர் இருக்கிறது, சில நிமிட வேலை.

இடக்கண்ணுக்கு அவசரம் இல்லை, ஆனால் அது வலக்கண்ணைப் போல வெளுக்கும்வரை விடவும் வேண்டாம். வலக்கண் ஆறி, கண்ணாடி எழுதிய பிறகு, அம்மாவுக்கு அரிசியில் கல் பொறுக்கவோ பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்கவோ இடக்கண் தடையாக இருக்கிறதா என்று அவரையே கேளுங்கள். ஆம் என்றால் அதுதான் நேரம். கொட்டை இன்னும் மென்மையாக இருக்கும்போது ஃபேகோ சுலபமாக முடியும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது குளிசைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள், சீனி பார்த்த துண்டுகளையும் கொண்டுபோங்கள், வலக்கண்ணுக்குத் திகதி வாங்காமல் திரும்பாதீர்கள்.